லொத்தர் வாங்காத மனோ அக்கா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, கடையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது மனோ அக்காவின் மகள் துளசியின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா காலமை எழும்பேல்லை" என்றாள். கடையைப் பூட்டிவிட்டு நடந்தே போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மனோ அக்கா நித்திரையிலேயே போயிருந்தார்.

லண்டன் நோர்பரியில் எங்கள் கடைக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மனோன்மணி என்ற முழுப்பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பதினொரு வருடம் எங்கள் கடையில் கல்லாவில் நின்று பால், பத்திரிகை, பரிசுச்சீட்டான லொத்தர் டிக்கெட் எல்லாம் விற்றவர். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் கதைகளைச் சொல்லிச் சிரித்தோம். ஊரில் போர் இத்தனை பேரைக் கொண்டுபோய், எங்கள் சனத்துக்குச் சிரிப்பே மறந்துபோன இந்த 2009ஆம் வருடத்தில் அது அவரால்தான் முடிந்தது.

ஜேர்மனியிலிருந்து மகளோடு லண்டனுக்கு வந்தபோது அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். மிச்சத்தைச் சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் படித்தார். லொத்தர் பந்துகள் உருளுவதற்கு முன் ஒரு வினாவிடைப் போட்டி நடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கேள்விகளோடு வந்துவிடுவார். டிக்கெட் வாங்க வரும் வயதான வெள்ளைக்காரர்கள், வேல்ஸின் மிக உயரமான மலை எது என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். தெரியாது என்றால் அவரே சொல்லிக்கொடுப்பார். சிலர் அதற்காகவே வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் மட்டும் ஒரு டிக்கெட்டும் வாங்கியதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டுப் பரிசு தாறதெண்டால் வாங்குவன் தம்பி. பந்து உருண்டு வந்து தாறது எனக்கு வேண்டாம்."

அப்படிச் சொன்னவர், சில மாதம் கழித்து அந்தப் போட்டிக்கே விண்ணப்பம் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ரெண்டு பேராத்தான் போகலாமாம். நீர் வாரும்."

"எனக்கு என்ன தெரியும் அக்கா?"

"உமக்கு கிரிக்கெட் தெரியும். எனக்கு அது ஒண்டுதான் தெரியாது."

எங்களைக் கூப்பிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. கூப்பிட்டார்கள். ஒளிப்பதிவுக் கூடத்தில் எனக்குப் பவுடர் பூசினார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அறிவிப்பாளர் வழக்கம்போல, வென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அக்கா தன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "நான் ஐரோப்பாவுக்கு வந்தது ஒரு லொறியில். இரண்டு பகலும் இரண்டு இரவும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். ஒருமுறை விமானத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பயணம் செய்யவேண்டும்." கூடியிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, கைதட்டல் எழுந்தது.

ஒரு பதில் பிழையானாலும் எல்லாம் போய்விடும் என்பதுதான் விதி. எட்டுக் கேள்விகள். ஆறு, அரசர், நாணயம், நோய் என்று ஏழுக்கும் பதில் சொன்னவர் அக்கா. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எட்டாவது, கிரிக்கெட். ஒரு துடுப்பாட்டக்காரர் எத்தனை வகையில் ஆட்டமிழக்கலாம்? ஒன்பதா, பத்தா, பதினொன்றா?

என் நெஞ்சு நிமிர்ந்தது. விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது வந்தது.

அக்கா என் காதருகே குனிந்து, "பத்தெண்டு எங்கேயோ கேட்ட ஞாபகம்" என்றார்.

"அக்கா, இது என்ரை சப்ஜெக்ட்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, சொல்லும்" என்றார். சொன்னேன். பத்துத்தான் சரி. குறித்த நேரத்துக்குள் ஆடுகளத்துக்கு வராவிட்டாலும் ஆட்டமிழப்பு என்பதை நான் எண்ணவில்லை. அக்காவின் கால் நீட்டும் ஆசை என் வாயால் போனது.

கடைசிக் கேள்விவரை வந்தவர்களே அன்றைய குலுக்கலைத் தொடக்கும் பொத்தானை அமுக்கவேண்டும் என்றார்கள். வாழ்நாளில் ஒரு டிக்கெட் வாங்காத மனுஷி, நாடு முழுவதும் பார்த்திருக்கப் பொத்தானை அமுக்கினார். திங்கட்கிழமை கடைக்கு வந்த ஒரு கிழவர், தன் எண்களை ஏன் விழுத்தவில்லை என்று அவரிடம் முறைப்பாடு செய்தார். "நான் அமுக்கினது மட்டும்தான். உருண்டது அதுகள்" என்பதை அக்கா அவருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார்.

போட்டி முடிந்து திரும்பிவரும் ரயிலில் நான் திரும்பத் திரும்ப விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெத்தம் தாண்டியதும் அவரே தொடங்கினார்.

"முகத்தைத் தொங்கப்போடாதையும். பிழை உம்மடை இல்லை."

"நான்தானே அக்கா சொன்னனான்."

"பத்தெண்டு எனக்குத் தெரிஞ்சது. ஆம்பிளை, கடைக்காரன், கிரிக்கெட் தெரிஞ்சவன் எண்டு விட்டுக்குடுத்தன். அது என்ரை பிழை. இனி, தெரிஞ்சதை ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கமாட்டன்."

அடுத்த வாரமே கடையில் அதன் பலன் தெரிந்தது. பின்மூலையில் கிடந்து மீதமாகும் பாண் ரொட்டித் தட்டை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் ஏலாது என்றேன். "இது என்ரை சப்ஜெக்ட்" என்றார் முகத்தை மாற்றாமல். கொண்டுவந்தோம். பாண் மீதமாகவில்லை. அதன்பிறகு சரக்குக்கு ஓடர் கொடுப்பதும் அவர் வேலையாயிற்று. சம்பளத்தைக் கூட்டும்படியும் கேட்டார். கூட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, அந்தச் சம்பளத்தில் சேர்த்து, சென்னையிலிருக்கும் தங்கையைப் பார்க்கப் போனார். படுக்கை போல விரியும் இருக்கையில்தான் போனார். வந்ததும், நல்ல நித்திரையோ என்று கேட்டேன்.

"நித்திரை கொள்ளவோ? இவ்வளவு விலைச் சீட்டிலை நித்திரை கொண்டால், கால் நீட்டினது எப்பிடித் தெரியும்?" பத்து மணித்தியாலமும் காலை நீட்டுவதும் மடக்குவதுமாகவே வந்தாராம்.

அவரிடமிருந்து எனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் போனபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஹரோவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், இடப்பக்கம் திரும்பவேண்டும் என்றார் என் மனைவி. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, "ஏன் அப்பிடி நினைக்கிறீர்?" என்று கேட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. அவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "உங்களுக்குச் சுகமில்லையோ?"

சுகம்தான் என்றேன். இடப்பக்கம் திரும்பினோம். தாலி கட்டுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.