மதியத் தூக்கத்தில் என் கட்டைவிரல்

நைட் ஷிப்ட் முடிந்து போச்சம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து, குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன். மதியம் பாதி விழிப்பில், கணவர் என் கையைப் பிடித்திருப்பது தெரிந்தது. அவர் என்னைத் தொட்டே பல மாதம் ஆகியிருந்தது. கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன். பிறகுதான் கட்டைவிரலுக்குக் கீழே கண்ணாடியின் குளிர்ச்சி உறைத்தது. என் விரலை வைத்து என் போனைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"டைம் பாத்தேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். கடன் கொடுக்கிற ஆப் ஒன்றில் என் பெயரில் பாதி விண்ணப்பம் முடிந்திருந்தது. ஓசூர் கம்பெனியில் அவருக்கு ஓவர்டைம் நின்றுபோன சமயத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆன்லைன் ரம்மிக்குத்தான் அந்தக் கடன். பைக்கும் என் செயினும் ஏற்கெனவே போயிருந்தன. கத்த வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை, அவ்வளவு அசதி.

அந்த வாரமே சம்பளத்துக்கு வேறு கணக்குத் தொடங்கினேன். மிச்சமிருந்த நகையைக் காவேரிப்பட்டினத்தில் அக்காவிடம் கொடுத்தேன். போனில் கைரேகைப் பூட்டை நீக்கிவிட்டேன். பிறகு அவரிடம் சொன்னேன்.

"இந்த ஆட்டத்த விடறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். கூட நான் வரேன். ஆனா உங்க கடன்ல என் பேரு வராது."

"அப்ப என்னை நம்பமாட்ட?"

"இப்போதைக்கு இல்லீங்க."

மாமியார் ஊரிலிருந்து வந்தார். மகனின் கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்க ஏற்பாடு செய்திருந்தார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"புருஷன் தெருவுல நிக்கறத வேடிக்கை பாக்கறியா?"

"நானும் சேந்து நிக்க முடியாதுங்க அத்தை."

அவர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு இருவரும் போகத் தொடங்கினோம். சில வாரம் கழித்து அவர் ஆலோசகர் அம்மாவிடம் சொன்னார்: "தோத்தாகூடப் பரவால்லீங்க மேடம். ஆடாம இருக்கறப்பதான் மூச்சு முட்டுது." பணத்தாசை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. அழுகைதான் வந்தது.

அவராகவே பட்டன் போனுக்கு மாறினார். நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சோறு வடித்து வைத்தார். நல்ல மாதங்கள்தான். ஆனாலும் அவர் பாத்ரூமில் கொஞ்சம் தாமதித்தால் என் காது கதவுப் பக்கம் போய்விடும்.

போன மாதம் ஒரு காலை, தானாகவே வந்து சொன்னார்: "கூட வேலை செய்யறவன் போனை வாங்கி ஆடிட்டேன்."

அவர் மறைக்கவில்லை என்று சந்தோஷப்பட வேண்டுமா, மறுபடி ஆடிவிட்டார் என்று உடைந்துபோக வேண்டுமா? இரண்டுக்கும் என்னிடம் தெம்பில்லை.

"சட்டைய மாத்துங்க. ஆஸ்பத்திரி மேடம்கிட்ட நீங்களே சொல்லுங்க," என்றேன்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவர் அழுதார். நான் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஸ்டாப் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.