கடலுக்கு இடம் விட்ட சுவர்

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில், ஒரு பை சீமெந்து கண்ணில் படாத நாட்களில், சுண்ணாம்பையும் களிமண்ணையும் குழைத்துத் துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறைகள் எழுப்பினவன் நான். பளைப் பக்கம் மாரிக்கு மாரி வெள்ளம் அள்ளிக்கொண்டு போன மதகை, இனிப் போகாமல் நிறுத்தினவனும் நான்தான். கூரையில்லாமல் நின்ற கோயில் மண்டபத்துக்கு, மரமும் இல்லை, இரும்பும் இல்லை என்று எல்லோரும் கைவிரித்தபோது, பழைய தண்டவாளத்தைத் தோளில் சுமப்பித்துக் கூரை தாங்கும் வளையாக ஏற்றினேன். படிப்பு? ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இந்தப் பத்தியை வழமையாக வாசிப்பவர்களுக்கு இது மனப்பாடம். "பெரியவர் இந்தக் கிழமையும் தொடங்கிவிட்டார்" என்று வீட்டில் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... ஆனால் போன சனிக்கிழமை முல்லைத்தீவுக் கடற்கரையில் திறந்த புதிய கலையரங்கத்தின் வாசலில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் எத்தனையோ பெயர். கட்டின மேசனின் பெயர் மட்டும் இல்லை!

அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அரங்கத்துக்குப் பிளான் கீறினவர் துஷ்யந்தி என்ற இளம் ஆர்க்கிடெக்ட். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் படித்தவர். கெட்டிக்காரி. மேடை கிழக்கே, கடல் பக்கம். சனம் மேடையைப் பார்த்து இருக்கும். மேடைக்குப் பின்னால் முதலில் அவர் கீறியிருந்தது முழுக்கக் கண்ணாடி — அதற்கு அப்பால் கடல்.

பிளானைக் காட்டக் கூட்டம் வைத்தார்கள். அதில் ஓர் உத்தியோகத்தர் எழும்பினார்.

"பிள்ளை, இந்தச் சனம் கடலாலை பட்டது காணும். கூத்துப் பாக்க வந்த இடத்திலையும் அதைக் காட்டாதேங்கோ."

சுனாமியில் ஆள் பறிகொடுக்காத வீடு அந்தக் கரையில் எது? துஷ்யந்தி அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்துக் கண்ணாடியை அழித்துவிட்டு, முழுச் சுவர் கீறினார். நல்ல மனத்தோடு சொன்ன கதை, நல்ல மனத்தோடு செய்த திருத்தம். எல்லோரும் தலையாட்டினோம். அதிகம் ஆட்டியது என் தலை.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? வயல்காரர், கந்தோர் உத்தியோகத்தர், கடைக்காரர். கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து ஒருவரும் இல்லை. எப்படி வருவார்கள்? கூட்டம் காலையில். அந்த நேரம் அவர்கள் கரையில் இருந்து வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். வயல்காரர் நாங்கள் கூடி, கடற்காரருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தீர்த்துவிட்டோம்!

நான் சுவரைக் கட்டினேன். சும்மா சுவரா? கடல் இன்னொரு தரம் வந்தாலும் முட்டிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்று, பிளானில் இல்லாத கம்பியும் கொங்கிறீட்டும் நானாகச் சேர்த்துக் கட்டினேன். எனக்கு இது கடைசிக் கட்டடம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கடைசிச் சுவரில் கை சுருங்கலாமா?

திறப்பு விழாவுக்குச் சில கிழமைகள் இருக்க, ஒத்திகை வைத்தார்கள். அந்தக் கரைச் சனத்தின் கூத்து. அரசன் வேடம் அன்ரனுக்கு — படகோட்டி, நல்ல குரல். தாய் திரேசம்மா, கருவாடு போட்டு விற்கிறவர். மகனுடைய கூத்து ஒன்றையும் விட்டதில்லை என்று ஊரே சொல்லும்.

பின்னேரம். உள்ளே புதுக் கதிரைகள் வரிசையாக. சனம் வந்தது... ஆனால் கதிரையில் இருக்கவில்லை. ஆண்கள் பக்கக் கதவடியில் நின்றார்கள். பெண்கள் வாசலில். திரேசம்மா ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். மத்தளம் தொடங்கியும் ஒரு கதிரையிலும் ஆள் இல்லை.

அன்ரன் வரவுப் பாட்டைத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டான். கண் முழுக்க வாசலில்.

"அம்மா, இருங்கோவன்! நீங்கள் உப்பிடி நிண்டா எனக்குப் பாட்டு வருகுதில்லை."

"நீ ஆடு மகன். நான் நிண்டு பாக்கிறன்."

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தாளத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மேசனார், நாங்கள் வழமை மாதிரி மணலிலையே ஆடுறம். இது நல்ல கட்டடம்தான். நெல்லு மூட்டை அடுக்கலாம்."

சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருடம் கட்டி, கடைசியில் ஒரு நெல்லுக் களஞ்சியமா? துஷ்யந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு இது முதல் பெரிய கட்டடம். கூத்துக்காரர் வராத கலையரங்கம் யாருக்கு?

நான் நேரே திரேசம்மாவிடம் போனேன்.

"ஏன் திரேசம்மா, கதிரை கடிக்குமே?"

"கதிரையிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை."

"பிறகென்ன? கடலுக்குப் பயமெண்டா விடு. அந்தச் சுவர் என்ரை கையாலை கட்டினது. ஒண்டும் வராது."

"சுவர் நல்ல சுவர்தான். அதுதான் இருக்கேலாமக் கிடக்கு." காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்தார். "கேக்குதே? சத்தம் கேக்குது, ஆளைக் காணேல்லை. அப்பிடி என்னெண்டு இருக்கிறது? வீட்டிலை கதவாலை பாப்பன். சந்தையிலை நிண்டாலும் ஒருக்காத் திரும்பிப் பாப்பன். அது அங்கை நிக்குது எண்டு கண்டாத்தான் என்ரை அலுவலைப் பாக்கலாம்."

"அப்ப உங்களுக்குக் கடலைப் பாக்க விருப்பமோ?" — துஷ்யந்தி பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"விருப்பமோ? அது என்ரை ரெண்டு பிள்ளையளைக் கொண்டு போனது, மகள். விருப்பமில்லை. ஆனாப் பாக்க வேணும்."

துஷ்யந்தி சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் சட்டென்று விளங்கினது எதனால்? நான் குடியேற்றத் திட்டத்தில் குளத்தடியில் வளர்ந்தவன். கார்த்திகை மழையில் குளம் நிரம்பினால் கட்டிலில் கிடப்பேனா? குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டுக்கு ஏறுவேன். தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கண்ணால் காண வேண்டும். கண்டால்தான் சோறு இறங்கும். குளத்தை மறைத்து ஒரு சுவரைக் கட்டி, "இனிப் பயப்படாதே" என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால்? சுவரையும் ஆளையும் சேர்த்து உதைத்திருப்பேன்!

"பிள்ளை, உடைப்பம்" என்றேன்.

துஷ்யந்தி அன்று பின்னேரமே கணக்குப் பார்த்தார். கூரையைத் தாங்குவது தூண்கள், சுவர் இல்லை, ஆகவே எடுக்கலாம். காற்றையும் உப்பையும் தாங்க வேறு வழி செய்ய வேண்டும். விழாக் குழுவிலே இருந்தவர்கள் குதித்தார்கள் — திறப்பு நெருங்குகிறது, பெயின்ற் அடித்த சுவரை உடைப்பதா? அந்த உத்தியோகத்தரே திரேசம்மாவிடம் போய்க் கதைத்துவிட்டு வந்து, "உடையுங்கோ" என்றார். அதற்காக அவருக்கு என் வணக்கம்.

உடைக்கப் போனால்... சம்மட்டி திரும்பி வருகிறது! வேலைக்கு வந்த பெடியள் மாறி மாறி அடிக்கிறார்கள், சுவர் அசையவில்லை. தூசி அடங்கினதும் துஷ்யந்தி கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஐயா! இவ்வளவு கம்பி இதுக்குள்ளை எங்கையிருந்து வந்தது? பிளானிலை இல்லையே!"

"அது என்ரை அன்பளிப்பு, பிள்ளை."

"அன்பளிப்போ? இப்ப ஆர் இதை வெட்டுறது?"

"வேறை ஆர்? குடுத்தவன்தான்."

வெட்டினேன். இந்த வயதில், மெஷினைத் தூக்கிப் பிடித்து, கம்பி கம்பியாக. மனைவி தேத்தண்ணீர்ப் போத்தலோடு வந்து, "உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்று பார்த்தார்.

சுவர் இருந்த இடத்தில் துஷ்யந்தி பெரிய மரக்கதவுகள் போட்டார். தள்ளினால் இரண்டு பக்கமும் ஒதுங்கும். வாடைக்காற்று மாதங்களில் மூடலாம், மற்ற நேரம் திறக்கலாம். கதவுக்குக் கீழே சில்லு வைத்து உருட்டினால் மணல் அடைக்கும் என்று, கதவை மேலிருந்து தொங்கவிட்டார். அது எனக்குத் தோன்றவில்லை. சொல்லிவிடுகிறேன் — நான் நியாயமான ஆள்.

போன சனிக்கிழமை. பேச்சுக்கள் எல்லாம் முடிந்து, மாலை போட்டவர்கள் எல்லாம் போன பிறகு, கூத்துக்கு நேரம். கதவுகள் மூடியிருந்தன. திரேசம்மா வெள்ளைச் சேலையோடு வாசலில், அதே கதவு நிலையைப் பிடித்தபடி. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் மத்தளம் தேவையில்லை. இவ்வளவையும் செய்தும் இந்த மனுசி வராமல் நின்றால்?

துஷ்யந்தி கை காட்டினார். பெடியள் கதவைத் தள்ளினார்கள்.

மேடைக்கு அப்பால் கடல். பெரிய அலை இல்லை. பின்னேர வெளிச்சத்தில் கருநீலமாக, தன்பாட்டில் கிடந்தது.

திரேசம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டுக்குள் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றபடியால் எனக்குக் கேட்டது.

"ம்... அங்கைதான் நிக்குது."

உள்ளே வந்தார். இரண்டாம் வரிசையில் ஒரு கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, இருந்தார். அவருக்குப் பின்னால் வாசலில் நின்ற பெண்கள்... பிறகு ஆண்கள்... கதிரைகள் நிறையும் சத்தம் இருக்கிறதே, அதைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அன்ரன் வரவுப் பாட்டை எடுத்தான். நடுவில் விடவில்லை.

பாதிக் கூத்தில் திரும்பிப் பார்த்தேன். திரேசம்மா கதிரையிலேயே தலை சாய்ந்து நல்ல நித்திரை! மகன் அரசனாக வாள் சுழற்றுகிறான், எதிரே கடல் இரைகிறது, மனுசி குறட்டை விடுகிறார். துஷ்யந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் கண்ணில் தூசி.

மனம் ஆறினது. வீட்டுக்குப் போக வெளிக்கிட்டேன். அப்போதுதான் வாசலில் அந்தக் கறுப்புக் கல்! திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர், வடிவமைத்தவர்... துஷ்யந்தியின் பெயர் இருக்க வேண்டியதுதான். மற்றவர்களில் யார் ஒரு கல்லைத் தூக்கினது?

குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். "குறை நினையாதேங்கோ அண்ணை, கல்லிலை இனி இடமில்லை" என்றார்.

ஆகவே இதைப் பத்திரிகையிலேயே கேட்கிறேன். "சுவரைக் கட்டியவரும் உடைத்தவரும்" என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயர் வர வேண்டும். இடமில்லை என்ற கதை என்னிடம் வேண்டாம் — அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தச் சுவரில் இடம் எடுத்துக் கொடுத்தவன் நான்!