நடக்கத் தொடங்கும் முன்

உத்திரமேரூர் வட்டாரத்தில் மாட்டுத் தரகில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மானாம்பதி சாலையில் சொந்தமாக ஷெட் போட்டேன். பல்லைப் பிடித்துப் பார்ப்பதெல்லாம் மற்ற தரகர்கள் வேலை. மாடு நாலடி நடந்தால் எனக்குப் போதும், ஜாதகமே சொல்லிவிடுவேன்.

அந்த ஷெட்டைத்தான் சினிமா ஸ்டுடியோக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். மேலே சுற்றிலும் கேமரா. உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டிக்கொண்டு ஒருவன் நடந்தால், கேமரா அவன் முகத்தை எடுக்காது; நடையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த நடையைக் கம்ப்யூட்டரில் ராஜாவுக்கோ ராட்சசனுக்கோ கொடுத்துவிடுவார்கள். என் மகன் அந்த வேலைக்குப் போனான். என் பிள்ளை நடையை உலகமே பார்க்கப்போகிறது என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

படம் முடிவதற்குள் லாரி மோதிப் போய்விட்டான்.

ஸ்டுடியோவைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்த அன்று, சோறு தண்ணி இல்லாமல் கிடந்த என் மனைவியிடம், "எய்ந்துரு. உம்புள்ள நடக்கறத காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

போனபோது வேனில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த இளைஞரைக் கெஞ்சினேன். மறுபடி மாட்டி ஓடவிட்டார். திரையில் முகமில்லாத சாம்பல் நிறப் பொம்மைகள். நாலைந்து பேர் நடித்தது கலந்து கிடந்தது. எது யார் என்று அவருக்கே தெரியவில்லை.

கூன் போட்டு நடந்த ஒன்றைக் காட்டி, "தோ, இவன்தான்" என்றேன்.

"இன்னாய்யா ஒளர்ற? எம்புள்ள இப்டியா நடப்பான்?"

அடுத்ததைக் காட்டினேன்.

"மாட்டப் பாத்தே சொல்லிடுவேன்னு பேசிக்கினு திரிவியே. பெத்த புள்ளயத் தெரியலியா?"

தெரியவில்லை. அவன் நடிக்கத்தானே போனான்? ஒவ்வொரு நடையும் வேறு யாருடையதோ.

"நடிக்கறதுக்கு முன்னாடி சும்மா நின்னுருப்பானே நைனா, அது கீதா?" என்று இளைஞரிடம் கேட்டேன்.

"நிப்பாங்க தாத்தா. மெஷின் அளவெடுக்க ரெண்டு கையையும் விரிச்சு நிக்கணும். படத்துக்குத் தேவையில்லன்னு அத வெட்டிடுவோம்."

"வெட்டாதது ஒண்ணாச்சும் தேடு. உங்கால்ல வுய்றேன்."

எவன் காலிலும் விழாதவன் நான். விழுந்தேன்.

வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இளைஞர் வெகுநேரம் தேடி ஒன்றை ஓடவிட்டார். பொம்மை வந்து நின்றது. கைகளை விரித்தது. வலது கை நேராக நீண்டது. இடது கை முழங்கையிலேயே மடங்கி நின்றது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கை, அதற்குமேல் நீளாது.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பொம்மை மெல்லக் கையை இறக்கியது. நெஞ்சை நிமிர்த்தி, எவனோ ஒரு ராஜாவாக நடக்கத் தொடங்கியது.

"வேணாம், பின்னால போ. கைய விரிச்சிக்கினு நின்னானே, அங்க நிறுத்து" என்றேன்.

நிறுத்தினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அவள் திரைக்கு அருகே போய் அந்த இடது கையைத் தடவினாள்.

"எவ்ளோ நேரமா இப்டியே நிக்கிறான். அந்தக் கை வலிக்கும்யா அவனுக்கு. எறக்கச் சொல்லு."

இளைஞர் என்னைப் பார்த்தார். கையை இறக்கினால் அவன் போய்விடுவான் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்?