உபதேசியாரின் இடது கை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் வாசிப்பேன். எழுத்து நிதானமாகத்தான் வரும். இதைக்கூடப் பல நாளாகப் பைய உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் நான் உபதேசியார் மனைவி. கல்யாணமான புதிதில் இறையியல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே குடியிருந்து, தையலும் பாட்டும் அங்கே கற்றவள். அதைச் சொல்ல எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியை வெள்ளைக்கார மிஷனரிமார் வைத்தார்கள். ஐயர்மாரை உண்டாக்குகிற இடம் அது. குருவானவரை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஆனால் ஆதியில் அங்கே ஐயர்மாரைவிட உபதேசியார்மார்தான் அதிகம் படித்தார்களாம். ஏனென்றால் ஒரு ஐயருக்குப் பல ஊர்கள். அவர் மாதத்துக்கு ஒருதரம் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், சாவு வீட்டில் போய் உட்காருவதும், அண்ணன் தம்பி சண்டையை விலக்குவதும் உபதேசியார்தான். புருஷன் படித்தால் மனைவியும் கூட இருந்து படிக்கவேண்டும் என்பது கல்லூரியின் ஒழுங்கு. அப்படித் தங்கிப் படிக்கிறவர்களின் சாப்பாட்டுக்கு ஊர் ஊராகக் கைப்பிடி அரிசி வரும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் பெண்களின் வழக்கம். பிற்பாடு நாங்கள் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் ஊழியம் செய்தபோது, பஞ்ச காலத்தில்கூட என் வீட்டில் அந்தப் பானை வெறுமனே இருந்ததில்லை.

அந்தத் தேரியில்தான் என் புருஷனுக்கு வாதம் அடித்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வலது பக்கத்தில் ஊசியால் குத்தினாலும் தெரியாது. வாய் கோணிப்போனது. பேச்சு மட்டும் குழறிக் குழறித் திரும்பி வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போக இடமில்லாத எங்களுக்குக் கல்லூரிச் சுவரை ஒட்டி ஒரு சின்ன வீட்டைக் கொடுத்தார்கள்.

கல்லூரியில் வியாதிக்காரரைச் சந்திப்பது ஒரு பாடம். அதை நடத்திய பெரிய ஐயர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"உபதேசியாரே, எங்க பிள்ளைகள இங்கன அனுப்பலாமா? உங்களத்தான் அவங்க பாடமா படிக்கணும்."

"எழுத்தெல்லாம் கோணலா இருக்குமே ஐயரே, பரவாயில்லையா?" என்றார் இவர், கோணிய வாயால்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும் ஒரு மாணவர் வருவார். மத்தியானமே இவர் வெள்ளைச் சட்டையைக் கேட்பார். நான் துவைத்து மடித்து வைத்திருப்பேன். விழுந்த கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைப்பேன். மாணவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுவைப்பேன்.

எந்தப் பக்கம் விழுந்த பக்கம் என்று பெரிய ஐயர் மாணவர்களிடம் சொல்லமாட்டார். போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்பார். புதிதாக வருகிறவர்கள் வாசலுக்குப் பக்கமென்று பெரும்பாலும் வலது பக்கம்தான் உட்காருவார்கள். வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நீளமாக ஜெபிப்பார்கள். அவர்கள் ஆமென் சொல்லும் வரைக்கும் இவர் பொறுத்திருப்பார். அப்புறம் சொல்வார்:

"தம்பி, நல்லா ஜெபிச்சீரு. ஆனா நீரு புடிச்சது என் கை இல்ல வே."

அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அடுப்படியில் சிரிப்புத் தாங்காது. ஆனால் ஒருதரம் அப்படிக் கேட்டவர் அடுத்த தரம் இடது பக்கம்தான் வருவார். முதலில், "எங்க தொட்டா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். அதற்குத்தான் அந்தப் பாடம் என்று இவர் சொல்வார். வருஷா வருஷம் ஒரு கூட்டம் படித்து முடித்து, அங்கி போட்டுக்கொண்டு போகும். எந்த ஊரில் எந்த ஐயர் என்று கேள்விப்படும்போதெல்லாம், "நம்ம கட்டில்ல படிச்ச பையன்" என்பார்.

அவர்களில் ஒருவரை நான் சொல்லவேண்டும். சாத்தான்குளம் பக்கத்துப் பையன். பனையேறி மகன், நல்ல உயரம், வெண்கலம் மாதிரிக் குரல். படிக்கிற காலத்தில் அவனுடைய அப்பா செத்துப்போனார். ஊரிலிருந்து ஆள் வந்து சொல்லி, அவன் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த புதன்கிழமை அவன் ஜெபிக்க வந்தவன் ஜெபிக்கவில்லை. இவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே முகத்தை வைத்து அழுதான். இவர் அந்தக் கையை எடுக்கவே இல்லை. போகும்போது, "உபதேசியாரே, நான் எங்க இருந்தாலும் உங்க கடைசி நற்கருணைய நான்தான் கொண்டாருவேன்" என்றான். இவர் அதைப் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டார். வேறு எதையும் யாரிடமும் அவர் எதிர்பார்த்தவர் இல்லை.

தொண்ணூறுகளில் அந்தக் கல்லூரி போயிற்று. மாணவர் குறைந்துவிட்டார்கள், மதுரைப் பக்கம் பெரிய கல்லூரி இருக்கும்போது இங்கே எதற்கு ஒன்று என்று மேலே முடிவு செய்தார்களாம். எங்களிடம் யார் கேட்டார்கள்? லாரி வந்தது. புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். பெரிய ஐயர் வந்து ஜெபித்து, இடது கையை முத்தமிட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அந்தக் கட்டிடத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் புதன்கிழமை மத்தியானம் சட்டை கேட்பது நிற்கவில்லை. நானும் போட்டுவிடுவேன். காப்பியும் போடுவேன். இருட்டினபிறகு சட்டையைக் கழற்றி மடித்துவைப்பேன்.

உவரியிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவருகிற கத்தோலிக்கக்காரி ஒருத்தி வாசலில் கூடையை இறக்கிவைத்துக் கேட்டாள்.

"என்னம்மா, வீடு நெறைய ஐயர்மாரா வருவாவளே, ஒருத்தரையும் காணும்?"

"எல்லாரும் பெரிய ஊழியத்துல இருக்காவ."

"எங்க சாமியார வேணா கூட்டியாரட்டா? படக மந்திரிக்கவே வாராரு, படுத்த மனுசனுக்கு வரமாட்டாரா?"

உள்ளேயிருந்து இவர், "கூட்டியா தாயி. வரும்போது ஒரு சீலா மீனும் கொண்டா," என்றார். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அதற்கப்புறம் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலுக்குப் புது ஐயர் மாற்றலாகி வந்தார். யார் என்று பார்த்தால் அந்தச் சாத்தான்குளத்துப் பையன். கேட்ட அன்றைக்கே இவருக்குப் பாதி சீக்கு குறைந்தாற்போல இருந்தது. "வருவான் பாரு. சொல்லாமலே வருவான்," என்றார். மாதங்கள் போயின. திருச்சபைத் தேர்தல் வந்தது, கமிட்டிச் சண்டை வந்தது, ஐயர் வீட்டு வாசலில் எப்போதும் மோட்டார் சைக்கிள்கள். இவருக்குக் கஞ்சி இறங்குவது குறைந்துகொண்டே போனது. கடைசியில் நானே ஐயர் பங்களாவுக்குப் போய் நின்றேன்.

"என்னம்மா வேணும்?" என்றார் ஐயர்.

"வீட்டுல படுக்கையில இருக்காவ. நற்கருணை கேக்காவ."

"எந்தத் தெரு?"

"பழைய கல்லூரிச் சுவரை ஒட்டுன வீடு."

"சரிம்மா, கிறிஸ்துமசுக்கு முன்னால சீக்காளி வீட்டுக்கெல்லாம் வாரோம். பட்டியல்ல எழுதிக்கிடச் சொல்லுதேன்."

அவ்வளவுதான். நான் திரும்பி நடந்தேன். சொல்லி நினைவுபடுத்த வேண்டிய வீடா அது? அந்தக் காப்பியைக் குடித்து வளர்ந்த பிள்ளையிடம் என் முகத்தை எடுத்துக் காட்டி, நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கும் வராது. வீட்டுக்கு வந்து, "வாரேன்னு சொல்லிட்டாவ," என்று மட்டும் இவரிடம் சொன்னேன்.

வந்தார்கள். மார்கழி மாதம், காலை நேரம். முதல்நாளே துவைத்த சட்டையை இவருக்குப் போட்டிருந்தேன். நாற்காலியை இடது பக்கம் போட்டிருந்தேன். ஐயர் அங்கியோடு உள்ளே வந்தார், கூட ஒரு கமிட்டிக்காரர். இவர் முகம் மலர்ந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார் என்றால் இப்போது யார் நம்புவார்கள்? ஐயர் அந்த நாற்காலியை இழுத்து வாசல் பக்கமாக, வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அப்பம் கொடுத்தார், திராட்சரசம் கொடுத்தார். விழுந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வெண்கலக் குரலில் ஜெபித்தார்.

நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமென் சொன்னபிறகு சொல்லுவார், அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லுவார், ஐயருக்கு நினைவு வந்துவிடும் என்று நின்றேன். உதடு அசைந்தது. சொல்லவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வடிந்து காதுக்குள் போயிற்று.

"பாத்தியளா, ஆண்டவர் தொடுதாரு," என்றார் கமிட்டிக்காரர்.

ஐயர் எழுந்து, "பெரியவர் எங்க வேல பாத்தாவ?" என்று என்னிடம் கேட்டார்.

"உபதேசியாரா இருந்தாவ."

"அப்படியா, சந்தோசம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன். இவர் விழுந்த கையைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்தக் கை செத்து எவ்வளவு காலமாச்சு. இன்னைக்குத்தான் அதுக்கு அடக்க ஆராதனை நடத்திட்டுப் போறான்."

"சொல்லியிருக்கலாமே நீங்க," என்றேன்.

"பாடம் முடிஞ்சிட்டு," என்றார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை நான் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. தை பிறக்கிறதற்குள் ஒரு மத்தியானம் அவர் மூச்சு மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இங்கிலீஷில் ஏதோ பாட்டைக் கூட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் அனுப்பி ஐயரைக் கூப்பிட எனக்கு மனசில்லை. நானே ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். கல்லூரியில் கற்ற ஜெபம் எத்தனையோ உண்டு. ஒன்றும் வரவில்லை. இடது கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். முதலில் அது என் விரலை இறுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் சூடு மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு அந்தச் சத்தமெல்லாம் ஓய்ந்தபோது, இரண்டு கையையும் மார்பில் சேர்த்து வைத்தேன். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.