வணக்கம் சொன்ன வெருளி

அசையாத பொம்மையை அசைய வைக்கிற வித்தை எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று நான் அதைச் சொல்லித் திரிந்ததில்லை. போன ஒக்டோபர்க் கடைசியில், பிள்ளைகளின் துசான் பள்ளி விடுமுறையில்தான் வாயைத் திறக்க வேண்டி வந்தது.

பாரிசில், லா சப்பலில் நாங்கள் இருக்கிற கட்டடத்துக்கு நடுவில் ஒரு முற்றம் உண்டு. குப்பைப் பெட்டிகளும் சைக்கிள்களும் நிற்கிற இடம். ஹலோவீனுக்குப் பிள்ளைகள் அதை அலங்கரிக்கலாம் என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கார்டியன் அம்மா சம்மதித்துவிட்டார். பேய் வேண்டும் என்று பேத்தி ஒற்றைக்காலில் நின்றாள். மருமகன் பேய் செய்யத் தொடங்கினார். சும்மா தொங்குகிற பேய் இல்லை, கை தூக்குகிற பேய். பழைய கார் ஒன்றின் கண்ணாடி துடைக்கிற மோட்டரை எங்கேயோ கழற்றிக்கொண்டு வந்தார். பேய்க்குப் போர்த்த, கீழே உள்ள கடையில் வெள்ளை வேட்டி வாங்கி வந்தது நான். பச்சைக் கரை போட்ட பேய் உலகத்தில் எங்கேயும் இல்லையென்று பேத்தி பிரெஞ்சில் என்னோடு சண்டைக்கு வந்தாள். இது தமிழ்ப் பேய், இப்படித்தான் இருக்கும் என்று மகள் அவளைச் சமாளித்தாள்.

மோட்டரில் பூட்டிய தடியின் நுனியிலிருந்து பேயின் கைக்கு ஒரு கயிறு போயிற்று. மோட்டர் சுழன்றது. பேய் கை தூக்கியது. மூன்றாம் தரம் தூக்கும்போது கை தோளோடு பிய்ந்து விழுந்தது. மருமகன் கம்பி போட்டு இறுக்கினார். கம்பியோடு சேர்ந்து பிய்ந்தது. ஆணி அடித்தார். ஆணியையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

நான் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகனோடு நேரே கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாம் மகளுக்கு ஊடாகத்தான்.

"பிள்ளை, கயிறைத் தடியின்ரை நுனியிலை கட்டாமல் உள்ளுக்குத் தள்ளிக் கட்டச் சொல்லு. நுனி கனதூரம் போய்வருது. அதுதான் கையைப் பிடுங்குது."

மருமகன் கட்டிப் பார்த்தார். பேய் பதமாகக் கையைத் தூக்கி, பதமாக இறக்கியது. அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "மாமிக்கு உது எப்பிடித் தெரியுமெண்டு கேளும்" என்றார்.

"சும்மா ஒரு ஊகம்" என்றேன்.

ஊகம் இல்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது எங்கள் வளவில் ஐயா கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். கட்டுகிற வீட்டுக்கு நாவூறு படாமல் முன்னுக்கு ஒரு வெருளி நிறுத்துவார்கள். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, கரியும் சுண்ணாம்பும் பூசின முகம், தொங்குகிற சிவப்புச் சீலை நாக்கு. போகிற வருகிறவர்களின் கண் வீட்டில் விழாமல் அதில் விழட்டும் என்றுதான். எங்கள் வீடு நான்கு வருடமாகக் கட்டப்பட்டதால் வெருளியும் நான்கு வருடமாக நின்றது. அதைப் பார்த்து ஒருவரும் வெருண்டதில்லை. காகம்கூட அதன் தலையில் இருந்துதான் கரையும்.

அதை அசைய வைக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. மேலே படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெட்டையும் அப்படிப் போனதில்லை. கணக்கில் நான் கெட்டிக்காரி. இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வாத்தியாரே சொன்னார். என்னை அனுப்பச் சொல்லி ஐயாவோடு கதைக்கச் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார்.

எனக்குப் போக வேண்டும். சோறு தண்ணி வேண்டாம், பஸ்ஸில் ஏறினால் போதும் என்கிற மாதிரி ஆசை. ஆனால் ஐயாவுக்கு முன்னால் எனக்கு வாயே வராது. வெருளியைக் கேட்க வைக்கலாம் என்று நினைத்தேன். வாத்தியார் படலையைத் திறந்து உள்ளே வரும்போது வெருளி அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். வாத்தியார் மெச்சுவார். ஐயா மனம் இளகி, இவளைப் படிப்பிக்கத்தான் வேணும் என்பார். என் திட்டத்தில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

வெருளிக்குப் பின்னால் கிணறு. அந்தக் காலத்துத் துலாக் கிணறு. ஏற்றம் மாதிரி, ஆடுகாலில் குறுக்கே கிடந்து ஆடுகிற நீள மரம்தான் துலா. கயிறைப் பிடித்து இழுத்தால் உயரத்தில் நிற்கிற துலாவின் நுனி கீழே வரும், பட்டை தண்ணீருக்குள் போகும். விட்டால் நுனி மேலே போகும், தண்ணீர் வரும். அந்த நுனியில் ஒரு தும்புக்கயிறைக் கட்டி, வேப்பங்கிளைக்கு மேலால் கொண்டுவந்து, வெருளியின் இரண்டு கைகளிலும் முடிந்தேன். துலா இறங்க, கை எழும்ப வேண்டும்.

அம்மா முதல் பட்டை தண்ணீர் அள்ளினபோது வெருளி கும்பிடவில்லை. இரண்டு கைகளும் கழன்று பறந்துபோய் வேம்பில் தொங்கின. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கும்பிடச் சொன்னால் உது பறக்கல்லோ பாக்குது!"

நான் சிரிக்கவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்து துலாவையே பார்த்தேன். நுனி இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போய்வருகிறது. அதைத் தாங்குகிற ஆடுகாலுக்குக் கிட்ட, துலா அசைவதே தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஒரு முழம். அந்த ஒரு முழம் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? ஆடுகாலில் ஏறிக் கயிறைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிக் கட்டினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெருளி கோயிலில் நிற்கிறவர்களைப் போலக் கும்பிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஐயாவின் கிழிந்த சேட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வாத்தியாரை வரவேற்பது மரியாதையா? வெருளிக்கு வெள்ளை வேட்டி கட்டினேன். சால்வையை மடித்துத் தோளில் போட்டேன். கம்பியை வளைத்து மூக்குக்கண்ணாடி செய்தேன். நெற்றியில் மூன்று குறி திருநீறு. கையில் ஒரு குடை கொடுத்தால் கும்பிட இடைஞ்சல் என்று அதை இடுப்பில் செருகினேன். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை அந்த உடுப்புத்தான். ஊரில் அப்படி உடுத்துகிறவர் ஒரே ஒருவர்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஐயா எழும்பி முன்னுக்குப் போனார். அம்மா, நான் சொல்லி வைத்தபடி கிணற்றடியில் நின்றார். படலை திறந்தது. துலா இறங்கியது.

கரி முகமும் சிவப்பு நாக்குமாக நின்ற ஒரு வாத்தியார், உயிருள்ள வாத்தியாரைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

சைக்கிள் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. ஐயா வெருளியின் சால்வையைப் பார்த்தார். வாத்தியாரின் சால்வையைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார். நான் வேம்புக்குப் பின்னால் நின்றேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெருளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கயிறு போகிற வழியே அண்ணாந்து பார்த்தபடி கிணற்றடி மட்டும் நடந்தார்.

"தங்கச்சி, இன்னொருக்கா இழுங்கோ பாப்பம்."

அம்மா இழுத்தார். வாத்தியார் கயிறு கட்டியிருந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"உந்த இடத்திலை கட்டச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

கேள்வி வேம்புக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான். நான் மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"குடையை மற்றப் பக்கம் மாத்தும். நான் இடப்பக்கம் வைக்கிறனான்" என்றுவிட்டு ஐயாவோடு உள்ளே போனார்.

அதைவிடப் பெரிய ஏச்சு எனக்கு இனி விழ வேண்டியதில்லை என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. வாத்தியார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ஊருக்கே படிப்பிக்கிற மனிசரை வெருளியாக்கி வைச்சிருக்கிறாய். அவருக்கு மனம் விட்டுப்போச்சு. இனிப் பட்டணமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் படிப்பை என் கையாலேயே கயிறு கட்டி இழுத்து விழுத்தினேன் என்று நான் நம்பினேன். மூன்று மாதத்தில் தம்பி பிறந்தான். இடுப்பில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு சமைத்தேன், கூட்டினேன், வளர்ந்தேன்.

என் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று, பேச்சோடு பேச்சாக அம்மா சொன்னார்.

"அந்த மனிசன் கோவிக்கேல்லையடி. பிறகும் ரெண்டு தரம் ஐயாவை வழியிலை மறிச்சுக் கேட்டவர். வீட்டிலை கைக்கு உதவி இல்லையெண்டு ஐயாதான் மாட்டன் எண்டிட்டார். உனக்குச் சொல்ல ஒரு சாட்டு வேண்டியிருந்தது. வெருளி கிடைச்சுது."

ஐயா அதற்கு முதல் வருடமே போய்விட்டார். யாரோடு சண்டை பிடிக்கிறது? நான் சிரித்துவிட்டேன்.

அம்மா தன் பங்கை மட்டும் சொல்லவில்லை. அதை நானாகத்தான் பிறகு ஒருநாள் விளங்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே வெருளியைப் பிடுங்கி எறியப் போனார் ஐயா. அம்மா மறித்துவிட்டார். வீடு முடியுமட்டும் நிற்கட்டும், நாவூறு பொல்லாதது என்றார். கயிறும் அப்படியே இருந்தது. வாத்தியார் தினம் காலையில் எங்கள் ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடம் போவார். ஒழுங்கை திரும்புகிற முடக்கில் அவருடைய சைக்கிள் மணி கேட்டவுடனே எங்கள் கிணற்றில் துலா இறங்கும். வெருளி கையெடுத்துக் கும்பிடும். வாத்தியாரும் ஒரு கையை விட்டு அதைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போவார்.

நான் தம்பியோடு குசினி வேலிக்குப் பின்னால் ஒளித்திருப்பேன். காது இரண்டும் சுடும். இந்த மனிசன் இன்னும் என்னை நக்கலடிப்பதை விடவில்லையே என்று நினைப்பேன். அதைவிட எனக்கு ஆத்திரம் அம்மாவில்தான். வீட்டில் இருக்கிற குடம் எல்லாம் நிறைந்திருக்கும். அள்ளின தண்ணீரை அம்மா அப்படியே வாழையடியில் ஊற்றுவார். இந்த நேரம் பார்த்து இந்த அம்மாவுக்கு எதற்குத் தண்ணீர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.