படகில் இருந்தவர்கள்

1921இல் ரங்கூன் துறைமுக அலுவலகத்திலிருந்து கமாலுக்குக் கடிதம் வந்த நாள் முதல் சின்னத்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

சண்டைக்காலத்தில் இருவரும் ஒரே கப்பலில் கரி தள்ளியவர்கள். ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்ததோடு விடாமல், தப்பிப் படகேறியவர்களையும் சுட்டது. கூட்டாளி மாரிச்சாமி படகிலேயே செத்தான். இப்போது அந்தக் குற்றங்களை விசாரிக்க ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் நீதிமன்றம் கூடுகிறதாம். அதற்குக் கமாலின் வாக்குமூலம் வேண்டுமாம்.

சின்னத்தம்பி வேறொருவனின் மாலுமிச் சீட்டைக் காட்டிக் கப்பலேறியவன். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

லத்தா தெருத் தேநீர்க்கடையில் கமாலுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். “கமால் அண்ணே, ஜெர்மன்காரன் எப்படிச் சுட்டான், சொல்லுங்க!”

“கண்ணால பார்த்தேன்...” என்று ஆரம்பித்தான் கமால்.

சின்னத்தம்பிக்குப் பொறுக்கவில்லை. கமால் பார்க்கவே இல்லை. மயங்கிப் படகின் அடியில் கிடந்தான். தண்ணீரிலிருந்து அவனை இழுத்துப் போட்டதும், நடந்ததைப் பிறகு சொன்னதும் சின்னத்தம்பிதான்.

கமால் வாக்குமூலம் கொடுத்த நாலாம் நாள் சின்னத்தம்பியே துறைமுக அலுவலகத்துக்குப் போனான்.

“கமால் சொன்னது பொய்யிங்க. பார்த்தவன் நான்.”

வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தமிழ் குமாஸ்தா பட்டியலைப் புரட்டினார். “உன் பேரே இல்லையேப்பா. நீ அந்தக் கப்பல்ல வந்ததுக்கு என்ன அத்தாட்சி?”

கமாலைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் தலைகுனிந்து உண்மையை ஒத்துக்கொண்டான். அவன் வாக்குமூலத்தைத் துரை அடித்துவிட்டார். சின்னத்தம்பி சொன்னதையோ யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கமாலின் முகம் சிறுத்ததைப் பார்க்கச் சின்னத்தம்பிக்கு இனித்தது.

அதற்கு மூன்றாம் நாள் டாலாவிலிருந்து ஆறு தாண்டி அவன் வீட்டுக்கு வந்தாள் மாரிச்சாமியின் மனைவி பவுனம்மாள்.

“அவரு செத்ததை அந்தக் கோர்ட்டுக்கு எழுதி அனுப்பிட்டாங்களாண்ணே?”

“இல்ல தங்கச்சி. கமால் பார்க்கலைன்னு நான்தான் போய்ச் சொன்னேன்.”

“அண்ணன் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன். பேரில்லாதவன்னு எழுதிக்கலை.”

“அவரு செத்தது நெசந்தானேண்ணே. அதைச் சொல்ல இந்த ஊர்ல இருந்தது கமால் அண்ணன் கொடுத்த அந்த ஒரே ஒரு காகிதம்.”

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். படகுத்துறைவரை துணைக்குச் சின்னத்தம்பி போகவில்லை.