மிஸ் வீனிக்கு ஒரு எசப்பாட்டு

பள்ளிக்கூட முனையில் ஒரு லாரி வேகம் குறைக்காமல் வந்தால் மிஸ் வீனி ஓரமாக ஒதுங்குவதில்லை. நடுச்சாலைக்குப் போய் நிற்கிறார். ஒரு கை இடுப்பில், மறு கையில் 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை. தலையைச் சற்றே சாய்த்து ஓட்டுநரின் கண்ணையே பார்க்கிறார். லாரி முனகிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் கடக்கிறார்கள். கடைசிப் பிள்ளையின் பையும் நடைபாதையேறிய பிறகுகூட அவர் உடனே வழிவிடுவதில்லை.

“என்ன ராசா, அவ்வளவு அவசரம்? உங்கம்மா உன்னைப் பத்து மாசம் சுமந்தா. நீ பத்து செகண்டு நிக்க மாட்டியா?”

ஓட்டுநர் சிரித்தால் விட்டுவிடுவார். ஹார்ன் அடித்தால் போச்சு. ஜன்னலருகே போய், “உன் ஹார்ன் அரைச் சுரம் எறங்கிக் கெடக்கு. மெக்கானிக்கிட்ட காட்டு” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. உண்மையிலேயே இறங்கித்தான் இருக்கும்.

முழுப் பெயர் லுவீனியா ஸ்டோக்ஸ். வயது எழுபத்தாறு. டேட்டன் நகரின் மேற்குப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மிஸ் வீனி என்றால் போதும், வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். வீட்டில் நான்கு விக் வைத்திருக்கிறார். நான்குக்கும் வாங்கிய ஊரின் பெயர். “இன்னிக்கு மழை வரும்போல, மெம்ஃபிஸைப் போட்டுக்கறேன். சின்சினாட்டி தண்ணி பட்டா சுருண்டுக்கும்” என்பார், ஏதோ வீட்டுப் பிள்ளைகளின் உடல்நிலையைச் சொல்வதுபோல. குளிர்ந்த தண்ணீர் குடிக்கமாட்டார். மஞ்சள் சட்டையின் பையில் எந்நேரமும் ஓர் எலுமிச்சைத் துண்டு இருக்கும். தொண்டை கட்டினால் கடித்துக்கொள்ள.

இந்தத் தொண்டை ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் வந்தது. அப்பாவுக்கு வார்ப்பட ஆலையில் வேலை கிடைத்து, அலபாமாவிலிருந்து குடும்பம் பேருந்தேறியபோது அவருக்கு நான்கு வயது. தேவாலயத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடத் தொடங்கியவர், இருபதாவது வயதில் ஒரு முடிதிருத்தகத்தின் பின்கட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த எட்டு ஆண்களுக்கு நடுவே போய் நின்றார். குழுவின் பெயர் வெஸ்ட்சைட் கிரேவி. ஸோல், ஃபங்க் என்ற கறுப்பின இசை வகைகள் அந்த ஊரின் ஆலைச் சங்குக்குப் போட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம். எட்டுப் பேரும் ஒரே பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் நடந்து நடந்து வாசித்தவர்கள். அதனால் உட்கார்ந்து வாசித்தாலும் பாட்டு நடந்துகொண்டேதான் இருக்கும்.

அவர்களுக்கு ஒரு பாட்டு பேர் வாங்கிக் கொடுத்தது. 1972இல் சின்சினாட்டியில் ஒரே மதியத்தில் பதிவானது. கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிற காதலனை ஒருத்தி கேட்கிறாள், “எங்க போற?” ஆண்கள் எசப்பாட்டாகக் கத்துகிறார்கள், “எங்கேயும் போகல கண்ணு, எங்கேயும் போகல!” இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அந்தக் கோடையில் ஜன்னல் திறந்திருந்த ஒவ்வொரு காரிலிருந்தும் மிஸ் வீனி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பெரிய பெரிய பாடகர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். மெம்ஃபிஸ், டெட்ராய்ட் என்று போனார். யார் யாருக்குப் பாடினீர்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார். “பேரைச் சொன்னா அவங்க மதிப்பு கொறையும். சொல்லாம இருந்தா என் மதிப்பு கூடும்” என்று எலுமிச்சையைக் கடித்துக்கொள்வார். நியூயார்க் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று தனியாகப் பாட அழைத்தது. போய், ஒரு வாரம் இருந்து, திரும்பிவிட்டார். ஏன் என்றால், அங்கே தாளத்துக்கு வேறு ஆள் வைத்திருந்தார்கள். “இன்னொருத்தி செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு. செருப்பு நல்ல செருப்புதான். என் கால் இல்லையே அது.”

அவருடைய சொந்தத் தாளக்காரர், குழுவில் டிரம்ஸ் வாசித்த ஓஸெல் டேட். 1973இல் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள். பதினோரு மாதம் தாங்கியது. காரணம் கேட்டவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில் மேற்குப் பக்கம் முழுக்கப் பிரபலம். “மேடையில அவன் எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தான், எல்லாம் சரியா இருந்துச்சு. வீட்டுல முன்னாடி வந்து உக்காந்தான். அங்கதான் தகராறு.”

விவாகரத்து ஆன மறுநாள் டொலீடோவில் கச்சேரி. இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். ஓஸெல் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார், ரெனிட்டா என்று ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பெண்ணின் ஞானஸ்நானத்தில் பாடியவரும் மிஸ் வீனிதான். எண்பதுகளில் இசை இயந்திரங்கள் வந்து ஊதுகுழல்காரர்களை வீட்டுக்கு அனுப்பின. டிராம்போன்காரர் உலகம் சுற்றும் குழுவொன்றில் சேர்ந்து இன்னும் அஞ்சலட்டை போடுகிறார். ஆர்கன் வாசித்த கிளீட்டஸ் பாஸ்டர் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் வாசிப்பது அதே பழைய ஃபங்க்தான், வேகத்தை மட்டும் கர்த்தருக்காகக் குறைத்திருக்கிறார். மிஸ் வீனி இருபத்தாறு வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்த முனையில் வந்து நின்றுவிட்டார். வருத்தம் உண்டா என்றால், “எதுக்கு? தினமும் எழுபது பேர் என் கையைப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறாங்க” என்கிறார்.

போன பிப்ரவரியில் ஓஸெலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. மூளையில் மிச்சமிருந்த அந்த ஒற்றைச் சொல் “எழவு.”

தண்ணி வேணுமா அப்பா? எழவு. வலிக்குதா? எழவு. பாஸ்டர் கிளீட்டஸ் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஜெபித்துவிட்டு ஆமென் சொன்னார். பதிலுக்கு ஓஸெல் கண்ணீர் வழியச் சொன்னது அதுதான். என்ன சொல்ல நினைக்கிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. வாயில் வந்ததைக் கேட்டு அவரே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். மார்ச் முடிவதற்குள் ஏதாவது முன்னேற்றம் தெரியவேண்டும், இல்லையென்றால் நிரந்தரப் பராமரிப்பு விடுதிதான் என்று மறுவாழ்வு மையத்தில் ரெனிட்டாவிடம் சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி தரும் ட்ரினா என்ற இளம்பெண் பாடிப் பார்க்கலாம் என்று பிறந்தநாள் பாட்டைத் தொடங்கினாள். ஐம்பது வருடம் தாளம் போட்ட மனிதர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஒரு தடவை மட்டும் அவர் சொன்ன சொல்லும் நினைத்த சொல்லும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

மிஸ் வீனி முதல் தடவை மையத்துக்குப் போய்விட்டு வந்து, காரை வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமல் அரைமணி நேரம் அழுதார். இரண்டாம் தடவை அழுகிற உத்தேசம் இல்லை. புகைத்த வான்கோழிக் கழுத்துப் போட்டு வேகவைத்த கீரையும் சோள ரொட்டியும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். ரெனிட்டா ஜன்னலோரம் நின்றிருந்தாள். மிஸ் வீனி கரண்டியை நீட்டினார். ஓஸெல் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“திற.”

“எழவு.”

“இது என் கீரை. எழவு வீட்டுக் கீரை இல்ல. திறடா வாயை.”

ஓஸெல் கரண்டியைத் தட்டிவிட்டு, நல்ல காலைக் கட்டிலிலிருந்து கீழே போட்டு எழப்பார்த்தார். விழுந்துவிடுவார் என்ற பதற்றத்தில் மிஸ் வீனி அதட்டினார், “எங்க போற?”

அதட்டல்தான். ஆனால் அந்த இரண்டு சொல்லையும் ஐம்பது வருடமாக அவர் தொண்டை ஒரே சுரத்தில்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. மேலே ஏறி, நடுவில் ஒரு வளைவு வளைந்து, கடைசியில் கேள்வியாகத் தொங்கிற்று.

கட்டில் விளிம்பிலிருந்து கரகரத்த ஒரு குரல் பாடியது: “எங்கேயும் போகல கண்ணு... எங்கேயும் போகல.”

ரெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ஓஸெல் திடுக்கிட்டுத் தன் மார்பைக் குனிந்து பார்த்தார், பாடியது வேறு யாரோ என்பதுபோல. மிஸ் வீனி குரலை நடுங்க விடவில்லை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் பதில் வந்தது. நான்காம் தடவை ஓஸெலின் இடது கை தொடையில் தாளம் போட்டது. ஏழாம் தடவை பக்கத்து அறை நோயாளிகள் கதவருகே வந்து நின்றார்கள். சத்தம் போடக்கூடாது என்று சொல்ல வந்த நர்ஸும் அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டாள்.

ட்ரினா ஓடிவந்தாள். “பேச்சு மூளையில ஒரு பக்கம் இருக்கும் மிஸ் வீனி, பாட்டுக்கு இன்னொரு பக்கமும் தொணைக்கு வரும். அந்த வழியாப் பேச்சைக் கூட்டிட்டு வரலாம். சில பேருக்குத்தான் நடக்கும்.”

“அப்ப ஏன்டி தங்கம் அவன்கிட்ட போய்ப் பிறந்தநாள் பாட்டைப் பாடுன? அவன் என்ன அஞ்சு வயசுப் புள்ளையா?”

அன்றிலிருந்து காலை முனைவேலை முடிந்ததும் மிஸ் வீனி மையத்துக்குப் போனார். பழைய பாட்டின் மெட்டிலேயே சொற்களை மாற்றி மாற்றிப் போட்டார். குளிருது, போர்வை கொடு. முதுகு அரிக்குது. ரெனிட்டாவைக் கூப்பிடு. ஓஸெல் முதலில் பாடினார், பிறகு பாதி பாடிப் பாதி பேசினார், ஏப்ரலில் தொடையில் தட்டிக்கொண்டே மெட்டில்லாமல் மூன்று சொல் கோர்த்தார். விடுதிப் பேச்சை மையத்தில் யாரும் பிறகு எடுக்கவில்லை. ஒரு நாள் கரண்டியை வாயில் வாங்கி, மென்று, யோசித்து, தட்டித் தட்டிச் சொன்னார்: “கீரையில... உப்பு... பத்தல.”

“பாத்தியா ரெனிட்டா? பேச்சு வந்ததும் மொத வேலையா என்ன பண்றான் பாரு!” மிஸ் வீனி சிரித்த சிரிப்பு வராந்தாவரை கேட்டது. ஓஸெல் இன்னும் முடிக்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அன்னிக்கு... நான்... உன்கிட்ட... தப்பு...”

“என்னிக்கு? எழுபத்து மூணுலயா, எழுபத்து நாலுலயா?”

அவர் தொடையில் இரண்டு தடவை தட்டினார். “ரெண்டுலயும்.”

மிஸ் வீனி டப்பாவை மூடினார். “சரி, சரி. ஒரே நாள்ல அவ்வளவும் பேசிடாத, நாளைக்கும் மிச்சம் வை.” சொல்லிவிட்டு ஜன்னல்பக்கம் திரும்பி எதையோ தேடினார். அங்கே தேட ஒன்றும் இல்லை.

ஜூலையில் ஓஸெல் வீடு திரும்பினார். இப்போது தடியூன்றி நடக்கிறார், மெதுவாகப் பேசுகிறார், கோபம் வந்தால் பாடுகிறார். அத்துடன் மிஸ் வீனிக்கு மையத்து வேலை முடிந்திருக்கவேண்டும். ட்ரினா விடவில்லை. பேச்சுப் போனவர்கள் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள், வாரம் ஒருநாள் வரமுடியுமா என்று கேட்டாள். மிஸ் வீனி கண்ணாடியில் சின்சினாட்டியைச் சரிசெய்துகொண்டு, “பாஸ்டரும் ஆர்கன் பெட்டியோட வந்தா வரேன். தனியாப் பாடுறது எனக்குப் பழக்கமில்ல” என்றார்.

வியாழக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். பாஸ்டர் கிளீட்டஸ் கையடக்க மின்னிசைப் பெட்டியை மடியில் வைத்திருக்கிறார். மிஸ் வீனி ஒவ்வொருவர் குடும்பத்திடமும் துப்பறிவாளர்போல விசாரிக்கிறார். சமைக்கும்போது என்ன பாடுவார்? கார் ஓட்டும்போது? யாரைக் காதலித்தபோது எந்தப் பாட்டு? வெல்டர் ஒருவருக்கு ஒரு சோப்பு விளம்பரத்தின் மெட்டில் கதவு திறந்தது. ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டில்.

ஆல்பெர்த்தா க்ரீருக்கு மட்டும் எதிலும் திறக்கவில்லை. முப்பத்தொரு வருடம் தபால்காரியாக இருந்தவர். வாய்திறந்து ஒரு வருடத்துக்குமேல் ஆகிறது. பாஸ்டர் ஐந்து ஞானப்பாட்டுகள் வாசித்துவிட்டார். அம்மாள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ பாடி நான் கேட்டதே இல்லைங்க” என்றார் கணவர், தொப்பியைக் கையில் உருட்டியபடி. “வீட்டுல ரொம்ப அமைதி.”

“வீட்டுல அமைதியா இருந்திருப்பாங்க. தபால் பையோட முப்பத்தொரு வருஷம் தெருத் தெருவா நடந்தவங்க. தனியா நடக்கிறவங்க வாய் சும்மா இருக்காது. நீங்க கூட நடக்கல, அதான் உங்களுக்குத் தெரியல.”

சொல்லிக்கொண்டிருந்த மிஸ் வீனி சட்டென்று நிறுத்தினார். ஆல்பெர்த்தாவின் செருப்பு நுனி, நடைக்குத் தாளம் போடுவதுபோல, தரையில் லேசாக ஏறி இறங்கியது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. சத்தம் ஒன்றும் இல்லை. பாஸ்டர் அதற்குள் ஆறாவது பாட்டைத் தொடங்கிவிட்டிருந்தார். மிஸ் வீனி அவர் மணிக்கட்டில் கை வைத்து நிறுத்தினார். நாற்காலியை ஆல்பெர்த்தாவின் முழங்கால் இடிக்கும் வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வலது காதில் தொங்கிய பெரிய வளையத்தை நிதானமாகக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அந்தக் காதை ஆல்பெர்த்தாவின் உதட்டருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.